மருந்தாளுநர் மாணவர்களுக்கான மருத்துவக் கலைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தின் பெயரும் அளவும் தெரிந்தால் போதாதா? கலைச்சொற்களைத் தனியாக ஏன் படிக்க வேண்டும்?

போதாது. மருந்தாளுநரின் கைக்கு வரும் தாள்களில் மருந்தின் பெயரோடு நோயின் பெயர், முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை, ஆய்வக முடிவு ஆகியவையும் இருக்கும். அவை மருந்து கொடுப்பதை நேரடியாகப் பாதிக்கின்றன. ஸ்ப்ளீனெக்டமி என்று எழுதியிருந்தால் நோயாளிக்கு மண்ணீரல் அகற்றப்பட்டிருக்கிறது. சில பாக்டீரியாத் தொற்றுகள் அவரை மிக வேகமாக வீழ்த்தக்கூடும் என்பதால் தடுப்பூசிகளும், சிலருக்கு நீண்டகாலப் பெனிசிலினும் தேவைப்படுகின்றன. காஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பை முழுவதுமோ ஒரு பகுதியோ எடுக்கப்பட்டிருக்கிறது; வைட்டமின் பி12 உடலில் சேர்வதற்கு வேண்டிய புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது என்பதால் அந்த வைட்டமினை ஊசியாகச் செலுத்தும் நிலை வரலாம். இலியோஸ்டமி என்றால் சிறுகுடலின் கடைப்பகுதியை வயிற்றுச் சுவரில் திறந்துவிட்டிருக்கிறார்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை அவருடைய குடலில் கரைந்து முடிவதற்குள்ளேயே வெளியே வந்துவிடக்கூடும். மூன்றும் மருந்துப் பெயர்கள் அல்ல. ஆனாலும் மூன்றையும் படித்துப் புரிந்துகொள்ளாதவர் அந்தச் சீட்டைப் பாதிதான் படித்திருக்கிறார்.

நீளமான ஒரு சொல்லை எப்படிப் பிரித்துப் படிப்பது?

பெரும்பாலான சொற்களில் வேர்ச்சொல், அதற்கு முன்னால் வரும் முன்னொட்டு, பின்னால் வரும் பின்னொட்டு என்று மூன்று உறுப்புகள் இருக்கலாம். வேர்ச்சொல் பெரும்பாலும் உறுப்பையோ பொருளையோ குறிக்கும். முன்னொட்டு இடம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும். பின்னொட்டு என்ன நேர்ந்தது அல்லது என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். இவற்றை ஒட்டவைக்க இடையில் ஓர் இணைப்பு உயிர் வரும். அது பெரும்பாலும் ஓகாரம்.

அந்த ஓகாரம் எப்போது நிற்கும், எப்போது மறையும் என்ற விதி தமிழ்ப் புணர்ச்சி படித்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. காசு என்பதோடு இல்லை சேரும்போது குற்றியலுகரம் கெட்டுக் காசில்லை என்று ஆவதைப் போல, காஸ்ட்ரோ என்ற இரைப்பைச் சொல்லோடு அழற்சியைக் குறிக்கும் ஐட்டிஸ் சேரும்போது ஓகாரம் கெட்டுக் காஸ்ட்ரைட்டிஸ் ஆகிறது. பின்னொட்டு மெய்யில் தொடங்கினால் ஓகாரம் அப்படியே நிற்கும்: காஸ்ட்ரோஸ்கோப்பி, அதாவது இரைப்பையின் உள்ளே பார்க்கும் சோதனை. இரண்டு வேர்ச்சொற்கள் அடுத்தடுத்து வரும்போது மட்டும், இரண்டாவது உயிரில் தொடங்கினாலும் ஓகாரம் பொதுவாக மறைவதில்லை. அதனால்தான் இரைப்பையும் குடலும் சேர்ந்து அழற்சியுறுவது காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் ஆகிறது.

படிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். த்ராம்போசைட்டோபீனியா என்ற சொல்லில் கடைசியில் இருக்கும் பீனியாவுக்குக் கிரேக்க மொழியில் வறுமை என்று பொருள். எதற்கு வறுமை? சைட் என்றால் அணு, த்ராம்போ என்றால் உறைகட்டி. உறைதலுக்கு உதவும் அணுக்களின் குறைவு, அதாவது இரத்தத் தட்டணுக் குறைவு. தமிழிலும் தலையாய சொல் கடைசியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தட்டணுக் குறைவு என்னும்போது குறைவுதான் தலை, தட்டணு அதற்கு அடை. எனவே இந்தச் சொற்களின் உள்வரிசை நமக்கு அந்நியமானதன்று.

ஒரே உறுப்புக்கு இரண்டு வேர்ச்சொற்கள் ஏன்?

ஒன்று கிரேக்கத்திலிருந்தும் மற்றொன்று இலத்தீனிலிருந்தும் வந்ததால். சிறுநீரகத்துக்கு இலத்தீனில் ரென், கிரேக்கத்தில் நெஃப்ரோஸ். நுரையீரலுக்குப் பல்மோ, நியூமோன். தோலுக்குக் கியூட்டிஸ், டெர்மா. உறுப்பையோ அதன் இடத்தையோ சுட்டும்போது இலத்தீன் வேரும், நோயையும் அறுவையையும் சொல்லும்போது கிரேக்க வேரும் மிகுதியாக வருகின்றன. ரீனல் தமனி என்கிறோம், ஆனால் நெஃப்ரைட்டிஸ் என்கிறோம். இது போக்கு மட்டுமே, விதியன்று.

இந்த இரட்டைத்தன்மையை மறக்க முடியாமல் செய்யும் சொல் மருந்தாளுநரின் அலமாரியிலேயே இருக்கிறது. அட்ரினலின் என்ற பெயரில் அட் என்பது அருகில், ரென் என்பது சிறுநீரகம். எபிநெஃப்ரின் என்ற பெயரில் எபி என்பது மேலே, நெஃப்ரோஸ் என்பது சிறுநீரகம். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வரும் ஒரே பொருளுக்கு, ஒருவர் இலத்தீனிலும் மற்றொருவர் கிரேக்கத்திலும் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இது தெரியாத மாணவர் இரண்டையும் வேறுவேறு மருந்துகள் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

எந்தச் சொல்லுறுப்புகளை முதலில் படிப்பது?

அகரவரிசைப் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து உருப்போடுவது வீண் வேலை. பின்னொட்டுகளிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் இருபது பின்னொட்டுகள் நூற்றுக்கணக்கான சொற்களைத் திறந்துவிடுகின்றன. ஐட்டிஸ் அழற்சி, ஆல்ஜியா வலி, பதி நோய்நிலை, மெகலி அளவில் பெரிதாதல், லிசிஸ் சிதைவு, ஈமியா இரத்தத்தில் இருக்கும் நிலை, யூரியா சிறுநீரில் இருக்கும் நிலை. அறுவைச் சிகிச்சைச் சொற்களில் மூன்று ஒன்றுபோலவே ஒலிக்கும்: ஒட்டமி என்றால் கீறுதல், எக்டமி என்றால் வெட்டி எடுத்தல், ஆஸ்டமி என்றால் வாய்போல் ஒரு திறப்பை அமைத்தல். இம்மூன்றையும் முதல் வாரத்திலேயே பிரித்தறியப் பழகிவிட வேண்டும்.

அடுத்ததாக, மருந்துகள் அதிகமாகத் தொடும் உறுப்புகளின் வேர்ச்சொற்கள்: கார்டி இதயம், ஹெப்பாட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம், ஹீமாட் இரத்தம், மயோ தசை, டெர்மட் தோல், நியூர் நரம்பு. இவற்றோடு வேதியியலிலிருந்து வரும் இரண்டு: பொட்டாசியத்துக்குக் கேலியம், சோடியத்துக்கு நேட்ரியம். தனிம அட்டவணையில் அவ்விரண்டின் குறியீடுகளும் இந்தப் பெயர்களிலிருந்தே வந்தவை. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகுதி. சிறுநீர்ப் பெருக்கி மருந்துகளில் ஃபுரோசமைடு நீண்டநாள் எடுப்பவருக்கு ஹைப்போகலீமியா வரலாம் என்பதும், ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கு ஹைப்பர்கலீமியா வரலாம் என்பதும் அப்போது தாமாகவே விளங்கும்.

மருந்துகளை வகைப்படுத்தும் சொற்களையும் இப்படிப் பிரிக்க முடியுமா?

முடியும். பைர் என்றால் நெருப்பு, ஆகவே ஆன்டிபைரெட்டிக் காய்ச்சலைத் தணிப்பது. டுஸிஸ் என்றால் இருமல், ஆகவே ஆன்டிடுஸிவ் இருமலை அடக்குவது. பெக்டஸ் என்றால் மார்பு, ஆகவே எக்ஸ்பெக்டரன்ட் மார்பிலிருந்து சளியை வெளியேற்றுவது. இந்தக் கடைசி இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்பவை. இருமல் மருந்து கேட்டு வருபவரிடம் சளி வருகிறதா என்று கேட்பதன் காரணம் இந்த இரு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

மருந்தைச் செலுத்தும் வழிகளுக்கான சொற்களில் எதில் கவனம் வேண்டும்?

பேரென்டரல் என்ற சொல் பலருக்கு ஊசி என்றே பதிந்திருக்கிறது. பாரா என்றால் அப்பால் அல்லது பக்கத்தில், என்டரான் என்றால் குடல். குடல்வழி அல்லாத வழி என்பதே அதன் நேர்ப்பொருள். சப்லிங்குவல் நாவின் அடியில், டிரான்ஸ்டெர்மல் தோலின் ஊடாக, இன்ட்ராமஸ்குலர் தசைக்குள், சப்கியூட்டேனியஸ் தோலுக்கு அடியில்.

இவற்றுள் இன்ட்ராதீக்கல் என்ற சொல்லுக்கு முன்னால் சற்று நிற்க வேண்டும். தீக்கா என்றால் உறை. தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்குள், மூளைத்தண்டுவட நீரில் மருந்தைச் செலுத்துவதை அது குறிக்கிறது. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சிரைவழி மட்டுமே செலுத்த வேண்டும். அதே நோயாளிக்கு அதே நாளில் தண்டுவட உறைக்குள் செலுத்த வேண்டிய வேறொரு மருந்தும் தயாராக இருக்கும்போது, இரண்டும் இடம் மாறி வின்கிரிஸ்டின் தண்டுவட உறைக்குள் போய் உயிர்கள் பறிபோயிருக்கின்றன. அந்த மருந்தைப் பீச்சுக்குழலில் தராமல் சிறு பையில் கலந்து தர வேண்டும் என்ற பரிந்துரை இதனாலேயே வந்தது. இன்ட்ரா என்று தொடங்கும் சொற்களை முழுவதும் படிக்காமல் கண்ணை நகர்த்தாதீர்கள்.

மருந்துச் சீட்டில் வரும் சுருக்கங்கள் எந்த மொழி?

இலத்தீன். சீட்டின் தலைப்பில் இருக்கும் ஆர்எக்ஸ் குறியே ரெசிப்பி என்ற ஏவல் வினையின் சுருக்கம்; எடுத்துக்கொள் என்று பொருள். அந்தக் கட்டளை மருந்து தயாரிப்பவரை நோக்கியது, நோயாளியை நோக்கியதன்று. பி.டி. என்பது நாளைக்கு இருமுறை, டி.டி.எஸ். மும்முறை, க்யூ.ஐ.டி. நான்கு முறை, ஏ.சி. உணவுக்கு முன், பி.சி. உணவுக்குப் பின், எச்.எஸ். உறங்கும் நேரத்தில், பி.ஓ. வாய்வழி, ஸ்டாட் உடனே, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: காப்ஸ்யூல் அமாக்சிசிலின் 500 மி.கி., பி.ஓ., டி.டி.எஸ்., பி.சி., 5 நாள்கள். வாய்வழியாக, நாளைக்கு மூன்று முறை, உணவுக்குப் பின், ஐந்து நாள்கள். ஆக 15 காப்ஸ்யூல்கள். அதற்கு அடுத்த வரியில் பாராசிட்டமால் 500 மி.கி., எஸ்.ஓ.எஸ். என்று மட்டும் இருந்தால், சுருக்கத்தை விரிக்கத் தெரிந்தும் வேலை முடிவதில்லை. எதற்குத் தேவைப்பட்டால்? வலிக்கா, காய்ச்சலுக்கா? ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை? நலமான வயது வந்தவருக்குக்கூட ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாத மருந்து அது. தேவைப்பட்டால் என்ற சொல் உச்சவரம்பைத் தானாகச் சொல்லாது. அதைக் கேட்டு அறிவது மருந்தாளுநரின் பொறுப்பு.

தவிர்க்க வேண்டிய சுருக்கங்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்சுலின் அலகைக் குறிக்கும் யு என்ற ஆங்கில எழுத்து, கையால் எழுதும்போது சுழியாகவோ நான்காகவோ தோன்றும். 4 அலகு 40 ஆகிவிடும். நாளைக்கு ஒருமுறை என்ற க்யூ.டி., நான்கு முறை என்ற க்யூ.ஐ.டி.யாகப் படிக்கப்படலாம். எம்.எஸ். என்பது மார்ஃபின் சல்ஃபேட்டையும் குறிக்கலாம், மக்னீசியம் சல்ஃபேட்டையும் குறிக்கலாம். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடக் கூடாது, ஏனெனில் 1.0 என்பதன் புள்ளி மங்கினால் அது 10. பின்னத்துக்கு முன் சுழி இல்லாமல் விடவும் கூடாது.

அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஓ.டி. என்ற சுருக்கத்தையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். பொதுச் சீட்டில் அது நாளைக்கு ஒருமுறை. கண் மருத்துவரின் சீட்டில் அது வலக் கண். கண் சொட்டுமருந்தின் பக்கத்தில் ஓ.டி. என்று மட்டும் இருந்தால் ஊகிக்காமல் எழுதியவரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மருந்தின் பெயரைப் பார்த்தே அதன் வகையைச் சொல்ல முடியும் என்கிறார்களே?

பெருமளவு முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுப்பெயர்த் திட்டம் 1950ஆம் ஆண்டின் தீர்மானத்தில் தொடங்கி, 1953ஆம் ஆண்டில் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒத்த வகை மருந்துகளுக்கு ஒரே ஈறு என்பது அதன் அடிப்படை. ஓலால் என்று முடிந்தால் பீட்டா தடுப்பான், ப்ரில் என்றால் ஏசிஇ தடுப்பான், சார்ட்டன் என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான், ஃப்ளாக்சசின் என்றால் குயினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லி, க்ளிப்டின் என்றால் டிபிபி-4 தடுப்பான்.

ஆனால் ஈற்றை அவசரமாக வெட்டினால் தவறு நேரும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் ஆகியவை இரைப்பை அமிலத்தைக் குறைப்பவை. அரிபிப்ரசோல் அதே ஓசையில் முடிந்தாலும் மனநோய்க்கான மருந்து. அதன் ஈறு பிப்ரசோல், ப்ரசோல் அன்று. அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும். நிஸ்டாட்டின் பூஞ்சையைக் கொல்லும். நிஸ்டாட்டின் என்ற பெயருக்கும் வாஸ்டாட்டின் ஈற்றுக்கும் தொடர்பே இல்லை. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகிய இரு பெண் அறிவியலாளர்கள் தாம் கண்டறிந்த மருந்துக்கு அந்த மாநிலத்தின் பெயரையே வைத்தார்கள். ஈறுகள் காலத்தால் மாறுவதும் உண்டு. ஒற்றை வகை எதிர்ப்புரதங்களுக்கு வழங்கிவந்த மாப் என்ற ஈறு, 2021ஆம் ஆண்டுக்குப் பின் வரும் புதிய பெயர்களுக்குக் கைவிடப்பட்டு, டக், பார்ட், மிக், மென்ட் என நான்காகப் பிரிக்கப்பட்டது. பழைய பெயர்கள் அப்படியே தொடர்கின்றன.

பிரித்தும் சரியான பொருள் வராத சொற்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அனீமியாவைப் பிரித்தால் இரத்தமின்மை என்று வரும். உண்மையில் அது ஹீமோகுளோபின் குறைவு. ஆர்ட்டரி என்ற சொல்லின் கிரேக்க மூலம் மூச்சுக்குழலையும் குறித்தது; தமனிகளில் காற்று ஓடுகிறது என்றும் பழங்காலத்தில் நம்பினார்கள். ஹெப்பாரின் என்ற பெயர் அது முதலில் கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டதைத்தான் சொல்கிறது. இரத்த உறைதலைத் தடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரித்தறிவது முதல் ஊகத்தைத் தரும். அகராதி அதை உறுதிசெய்ய வேண்டும்.

அதிகமாகக் குழப்பும் இணைகள் எவை?

ஹைப்பர், ஹைப்போ இரண்டும் முதலிடம் பெறுகின்றன. முன்னது மிகுதி, பின்னது குறைவு. வாய்மொழியாகச் சொல்லும்போது வேகத்தில் கடைசி அசை விழுங்கப்படுகிறது. தொலைபேசியில் கேட்டால் இரத்தச் சர்க்கரை கூடியதா குறைந்ததா என்று தமிழிலேயே திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மயோ தசை, மையெலோ எலும்பு மஜ்ஜை அல்லது தண்டுவடம். டிஸ்ஃபேஜியா விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சுச் சிரமம். முதலாமவருக்கு மாத்திரைக்குப் பதிலாகத் திரவ மருந்து தேவைப்படலாம். ஹீமாப்டிசிஸ் இருமலில் இரத்தம், ஹீமடெமிசிஸ் வாந்தியில் இரத்தம். வலி மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவரிடம் இரண்டாவதைக் கண்டால் இரைப்பைப் புண்ணை நினைக்க வேண்டும்.

சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

பொருளைத் தமிழில் எழுதுங்கள். சொல்லை மூல எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் இலியம். சிறுநீரைக் குறிக்கும் பின்னொட்டும் உரமாக இடும் வேதிப்பொருளும் நம் எழுத்தில் யூரியாவே. குழந்தைக்கான கிரேக்க வேரும் பாதத்துக்கான இலத்தீன் வேரும் இப்படியே ஒன்றாகிவிடும், ஆனால் அங்கே ஆங்கில எழுத்துக்கூட்டலும் சில இடங்களில் கைகொடுக்காது.

நோயாளியிடம் இந்தச் சொற்களைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஹைப்போகிளைசீமியா வரலாம் என்று சொல்வதைவிட, திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்வதே மருந்தாளுநரின் வேலை.

தினமும் எப்படிப் பயிற்சி செய்வது?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாளைவிட நல்ல பாடநூல் கிடையாது. நாளுக்கு ஒன்றை எடுத்து, பக்க விளைவுகள் பகுதியில் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு, அகராதியைத் திறப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தொன்றின் தாளில் மூன்று சொற்கள் அருகருகே நிற்கும்: மயால்ஜியா, மயோபதி, ராப்டோமயோலிசிஸ். மூன்றிலும் மயோ இருப்பதால் மூன்றும் தசையைப் பற்றியவை. முதலாவது வலி, இரண்டாவது நோய்நிலை. மூன்றாவதில் ராப்டோ என்றால் கோல் அல்லது வரி, லிசிஸ் என்றால் சிதைவு. வரித்தசை சிதைந்து, அதன் உட்பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை. ஒரே வேரின் மேல் பின்னொட்டு மாற மாற ஆபத்து ஏறிக்கொண்டே போவதை அந்த ஒற்றை வரியில் காணலாம். அதைப் படித்த மாணவர், தொடை வலிக்கிறது, சிறுநீரும் தேநீர் நிறத்தில் போகிறது என்று ஸ்டாட்டின் எடுக்கும் ஒருவர் சொல்லும்போது, வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்காமல் அவரை உடனே மருத்துவரிடம் அனுப்புவார்.